பூத்துக் குலுங்கியும் காய்க்காத காப்பிச் செடி

ரெங்கத்தில் எங்கள் வீட்டுப் பின்புறம் ஒரு காப்பிச் செடி நிற்கிறது. செடி என்று சொன்னாலும் ஆளைவிட உயரம். பாட்டி தோட்டத்து லயத்தை விட்டு இந்தத் தாமான் வீட்டுக்கு வந்தபோது, மாவுப்பால் டின்னில் கொண்டுவந்த கன்று அது. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கிளை தெரியாமல் வெள்ளையாகப் பூக்கும். பூத்த அன்று காலையில் பக்கத்து வீட்டுக்காரர்கூட, "என்ன, மல்லிகைச் சரம் வாங்கி வச்சிருக்கீங்களா?" என்று கேட்பார். இரண்டே நாளில் பூவெல்லாம் பழுப்பாகிக் கொட்டிவிடும். பிறகு தேடிப் பார்த்தால் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் காய் இருக்கும்.

"காய்க்காத மரத்துக்கு எதுக்கு இடம்?" என்று அப்பா ஒவ்வோர் ஆண்டும் கேட்பார். சென்ற ஆண்டு ஒருவரை அழைத்துவந்து பின்புறத்தை அளக்கவே செய்துவிட்டார். எங்கள் சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் நுழைய முடியாது. அதை நீட்டிக் கட்ட வேண்டும் என்பது அம்மாவின் பல ஆண்டுக் கனவு. அளவு நாடா போய் நின்ற இடம் சரியாகக் காப்பிச் செடியின் அடிமரம்.

பாட்டி ஒன்றும் பேசவில்லை. அன்று மாலை செடிக்கு வழக்கத்தைவிட ஒரு வாளி தண்ணீர் அதிகமாக ஊற்றினார். விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்த நான் அதைப் பார்த்தேன். பல்கலைக்கழகத்தில் வேளாண் அறிவியல் படிக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவள் நான். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் ஒரு செடி ஏன் காய்க்கவில்லை என்று அதுவரை ஒரு நாளும் யோசித்ததில்லை. அந்த வெட்கத்தில் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை.

நம் ஊர்க் காப்பி எது?

முதலில் ஊரைப் பற்றி ஒரு விளக்கம். ரெங்கம் வேறு, சிம்பாங் ரெங்கம் வேறு. இரண்டும் ஜொகூரின் குளுவாங் மாவட்டத்தில்தான் இருக்கின்றன. ரயில் நிற்பது எங்கள் ரெங்கத்தில். 1909இல் ஜொகூர் ரயில் பாதை திறக்கப்பட்ட பிறகு, அதன் இருபுறமும் ரப்பர் தோட்டங்கள் பெருகின. என் பாட்டி பால்மரம் வெட்டியதும் அப்படியொரு தோட்டத்தில்தான். இன்று அங்கே பெரும்பாலும் செம்பனை.

குளுவாங் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது காப்பி. ரயில் நிலையத்தில் 1938இல் தொடங்கிய காப்பிக் கடையின் பெயர் நாடு முழுவதும் தெரியும். ஆனால் அந்தக் கோப்பையில் இருப்பது எந்தக் காப்பி என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். நானும் விழித்தேன்.

உலகச் சந்தையில் விற்பனையாகும் காப்பி ஏறக்குறைய முழுவதும் அராபிக்கா, ரொபஸ்டா என்ற இரண்டு இனங்கள்தாம். மூன்றாவது இனமான லைபீரிக்காவின் பங்கு மிகச் சிறியது. நம் நாட்டில் கதை நேர்மாறு. ஜொகூரில் பயிராவது பெரும்பாலும் லைபீரிக்காதான். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்தச் செடி, அங்குள்ள லைபீரியா நாட்டின் பெயரைத் தாங்கியிருக்கிறது. இலை அகலமாகவும் தடிப்பாகவும் பளபளப்பாகவும் இருக்கும். ஆண்டு முழுவதும் பச்சை மாறாது. கவாத்து செய்யாமல் விட்டால் பதினைந்து மீட்டருக்கு மேலும் வளரக்கூடும். அராபிக்காவுக்கு மலைக் குளிர்ச்சி வேண்டும். லைபீரிக்காவோ நம்முடைய தாழ்நிலத்து வெக்கையையும் மழையையும் தாங்கும். பத்து பகாட், பொந்தியான் பக்கத்துக் கரிமண்ணில்கூட வளரும். எங்கள் செடியும் லைபீரிக்காதான்.

ரப்பருக்கு முன்னால் காப்பி

"உனக்கு ஏன் பாட்டி இந்தச் செடி மேல இவ்வளவு ஆசை?" என்று கேட்டேன்.

"எங்க அம்மா லயத்துக்குப் பின்னால வச்சிருந்தாங்க. அவங்க பாட்டியெல்லாம் கோப்பித் தோட்டத்துல வேலை செஞ்சவங்கன்னு சொல்லுவாங்க. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது, புள்ள" என்றார்.

நம் முன்னோர் ரப்பர் காட்ட வந்தவர்கள் என்றுதான் நாம் வழக்கமாகச் சொல்கிறோம். அதற்கு முன்பே சிலோனில் தமிழர்களைக் காப்பி அழைத்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் கண்டி மலைகளின் காப்பித் தோட்டங்களுக்கு நடந்தே போனார்கள். கங்காணி முறை வளர்ந்ததும் அங்கேதான். 1869இல் அங்கே காப்பி இலைகளின் அடிப்பக்கம் ஆரஞ்சு நிறத் தூள் படியத் தொடங்கியது. இலைத்துரு எனும் பூஞ்சை நோய் அது. இருபது ஆண்டுகளுக்குள் சிலோன் காப்பித் தொழில் நொடித்துப்போனது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது.

சிலோனில் நொடித்த வெள்ளைக்காரத் துரைமார் சிலர் 1880களில் மலாயாவுக்கு வந்தார்கள். துரு நோயைத் தாங்கும் என்று நம்பி, சிலாங்கூர் போன்ற இடங்களில் லைபீரிக்காவை நட்டார்கள். அந்தத் தோட்டங்களில் காடு வெட்டியதும் காப்பி பறித்ததும் தமிழர்கள். 1890களில் பிரேசில் காப்பி சந்தையை நிரப்ப, விலை விழுந்தது. அந்த நேரத்தில்தான் காப்பி வரிசைகளுக்கு இடையே ரப்பர் கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள். காஜாங் வட்டாரத்து இஞ்ச் கென்னத் தோட்டம் அதற்குப் பெயர்போன ஓர் எடுத்துக்காட்டு. ரப்பர் வளர்ந்தது, காப்பி மறைந்தது. எங்கள் குடும்பத்துக் கோப்பித் தோட்டம் எது என்று காட்ட என்னிடம் ஒரு தாளும் இல்லை. ஆனால் பாட்டி சொன்ன ஒரு வரி, வரலாற்றுக்குப் பொருந்தாத வரி அல்ல என்று தெரிந்தபோது, பின்புறத்துச் செடியைப் பார்க்கும் என் கண் மாறிவிட்டது.

மரத்துக்குக் கல்யாணம்

ஏன் காய்க்கவில்லை என்ற கேள்விக்கு விடை என் பாடக்குறிப்பிலேயே இருந்தது. தேர்வுக்காக மனப்பாடம் செய்து, மறந்துபோன ஒரு சொல்: தன் ஒவ்வாத்தன்மை.

எஸ்.பி.எம். உயிரியலில் தன் மகரந்தச் சேர்க்கை, அயல் மகரந்தச் சேர்க்கை இரண்டையும் படித்திருப்பீர்கள். அராபிக்கா தன் பூவின் மகரந்தத்தாலேயே காய்க்கும். லைபீரிக்காவும் ரொபஸ்டாவும் அப்படியல்ல. ஒரு மரத்தின் மகரந்தத் தூள் அதே மரத்துப் பூவின் சூலகமுடியில் விழுந்தால், அந்தப் பூ அதை அடையாளம் கண்டு தடுத்துவிடும். மகரந்தக் குழாய் சூலை எட்டாது. மரபணு வேறுபட்ட இன்னொரு மரத்தின் மகரந்தம் காற்றிலோ தேனீக்களின் காலிலோ வந்தால்தான் காய் பிடிக்கும். அதே மரத்தின் கிளையை வெட்டிப் பதியம் போட்டு வளர்த்தாலும் பயனில்லை. அதுவும் அதே மரம்தான்.

லயத்தில் இருந்தவரை வீட்டுக்கு வீடு காப்பி இருந்தது. அதனால் எல்லாம் காய்த்தன. தாமானில் எங்கள் செடி ஒற்றை ஆள். குறை செடியிடம் இல்லை, அதற்குத் துணை இல்லை.

இதை அப்பாவிடம் படம் வரைந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "சரிம்மா. ஒரு வருசம் பாப்போம். அப்பவும் காய்க்கலைன்னா வெட்டிடுவேன். அம்மாவையும் நெனச்சுப் பாரு" என்றார். அவர் சொன்னதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

துணைக்கு எங்கே போவது? சிம்பாங் ரெங்கம் பக்கத்துக் கம்பம் ஒன்றில், தென்னைகளுக்கு இடையே பத்துப் பன்னிரண்டு காப்பி மரம் வைத்திருக்கும் ஒரு பாக் சிக்கை மாமாவுக்குத் தெரியும். மாமாவின் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தோம். நான் மலாயில் திக்கித் திணறித் தன் ஒவ்வாத்தன்மையை விளக்க முயன்றேன். அவர் சிரித்துவிட்டு ஒரே சொல்லில் முடித்தார்: "காவின்." அதாவது, மரத்துக்குக் கல்யாணம் பண்ணி வைக்க வேண்டும். நான் பாடப்புத்தகத்தில் படித்ததை அவர் மரத்தடியில் கற்றிருந்தார்.

காப்பி பூப்பதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. வெயில் காலத்தில் மொட்டுகள் உறங்கிக் கிடக்கும். நல்ல மழை ஒன்று பெய்தால் விழித்துக்கொள்ளும். ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாளில் எல்லாம் ஒன்றாக மலரும். ஒரே மழை நனைத்த மரங்கள் ஏறக்குறைய ஒரே நாளில் பூக்கும். அதனால் பாக் சிக் மரம் பூக்கும் நாளில் எங்கள் செடியும் பூக்கும் வாய்ப்பு அதிகம்.

மழை பெய்து எட்டாம் நாள் இரவு, மறுநாள் காலை பூத்துவிடும் என்று பாக் சிக் புலனத்தில் படம் அனுப்பினார். விடிவதற்குள் மாமாவும் நானும் கிளம்பினோம். அவர் வெட்டிக் கொடுத்த மூன்று பூங்கிளைகளைத் தண்ணீர் போத்தலில் செருகி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினேன். எங்கள் வீட்டுச் செடியும் வெள்ளையாக நின்றது.

ஐந்து கிளைகளுக்குச் சிவப்புக் கம்பளி நூல் கட்டினேன். அந்தக் கிளைகளில், பாக் சிக் மரத்துப் பூவின் மகரந்தப் பையை எங்கள் பூவின் சூலகமுடியில் மெதுவாகத் தேய்த்தேன். அதே அளவுள்ள வேறு ஐந்து கிளைகளுக்கு வெள்ளை நூல் கட்டி ஒன்றும் செய்யாமல் விட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இல்லாவிட்டால் அது சோதனை ஆகாது. பத்து மணிக்குள் கழுத்து வலித்தது.

பாட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அரசுக்கும் வேம்புக்கும் கல்யாணம் பண்ணிப் பாத்திருக்கேன். கோப்பிக்கு இப்பத்தான் பாக்குறேன். தாலி எங்கடி?" என்றார். சிவப்பு நூலைக் காட்டினேன்.

ஐந்து கோப்பை

லைபீரிக்கா காய் பழுக்க ஓர் ஆண்டுக்கு அருகில் ஆகும். நான் பல்கலைக்கழகம் திரும்பிவிட்டேன். தம்பி வாரம் ஒரு படம் அனுப்புவான். மூன்றாம் மாதத்தில் மிளகு அளவில் பச்சைக் காய்கள் தெரிந்தன. சிவப்பு நூல் கிளைகளில் கணுவுக்குக் கணு. வெள்ளை நூலில் அங்கொன்றும் இங்கொன்றும்.

இவ்வாண்டு பறித்து எண்ணினோம். சிவப்பு நூல் கிளைகளில் 138 பழங்கள். வெள்ளை நூல் கிளைகளில் 6. அப்பா இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. 138ஐ மட்டும் இன்னொரு முறை எண்ணினார்.

பழம் கைக்கு வந்ததும் காப்பி ஆகிவிடாது. அடுத்த பாடத்தை நான் தோற்றுத்தான் கற்றேன். லைபீரிக்காவின் தோலும் சதையும் தடிப்பானவை. பத்துக் கிலோ பழத்தில் ஒரு கிலோ அளவுக்குத்தான் காய்ந்த கொட்டை கிடைக்கும். சதையை நீக்கி, வழவழப்புப் போக ஒன்றரை நாள் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, வெயிலில் காய வைத்தேன். மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. நான் கொட்டையைக் கூடையில் குவித்து மூடிவைத்துவிட்டு, குளுவாங்கில் தோழியைப் பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மூன்றில் ஒரு பங்கு பூஞ்சை பிடித்திருந்தது. கழுவிக் காய வைக்கலாமே என்று தோன்றியது. செய்யவில்லை. பூஞ்சை பிடித்த காப்பிக் கொட்டையில் நச்சு உருவாகலாம், வறுத்தாலும் அது முழுதாக அழியாது. மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு குப்பையில் போட்டேன். ஓர் ஆண்டு உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு என் கவனக்குறைவால் போனது.

மீதியை மெல்லிய பரப்பாக விரித்து, மணிக்கொரு தரம் கிளறி, மழை வந்தால் விசிறிக்குக் கீழே மாற்றி, பன்னிரண்டு நாளில் காய வைத்தோம். பாட்டி உரலில் மெதுவாகக் குத்தி உமியைப் புடைத்தார். பிறகு இரும்புச் சட்டியில் வறுத்தார். கடையில் வாங்கும் காப்பியைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பது நம் நாட்டு வழக்கம். அந்தக் கறுப்பு நிறமும் தடிப்பும் அதிலிருந்து வருபவை. பாட்டி எதையும் சேர்க்கவில்லை. கொட்டை படபடவென்று வெடிக்கத் தொடங்கியதும் தீயைக் குறைத்து, பழுப்பு ஏறியதும் முறத்தில் கொட்டி விசிறினார்.

நிறுத்துப் பார்த்தால் 48 கிராம். துணி வடிகட்டியில் ஊற்றினால் ஐந்து கோப்பை. வீட்டில் ஐந்து பேர். கசப்பு கொஞ்சம், பலாப்பழ வாடை கொஞ்சம், புகை கொஞ்சம். பாட்டி பாலும் சீனியும் இல்லாமல் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுச் சொன்னார்: "எங்க அம்மா ஊத்துனது இன்னும் நல்லாருக்கும். ஆனா இது நம்ம வீட்டுது."

கணக்குப் போட்டால் இது நட்டம்தான். ஒரு பொட்டலம் காப்பித்தூள் சில ரிங்கிட்டுக்குக் கடையில் கிடைக்கும். அது எனக்கும் தெரியும். ஆனாலும் அப்பா மறுநாள் அளவெடுத்தவரை அழைத்து, சுவரை மூன்று அடி உள்ளே தள்ளி வரையச் சொன்னார். புதிய சமையலறை அம்மா கேட்டதைவிட மூன்று அடி குறைவு. "உன் மரம் என் அடுப்படியில நிக்குது" என்று அம்மா இன்றும் சொல்வதுண்டு. பாதி கேலி, பாதி உண்மை. செடி தப்பியதற்கு விலை கொடுத்தவர் அம்மா என்பதை நான் மறக்கவில்லை.

நீங்களும் நடலாம்

உங்கள் வீட்டிலும் கொஞ்சம் இடம் இருந்தால் முயன்று பாருங்கள். நான் கற்றுக்கொண்டவை இவை.

விதை புதிதாக இருக்க வேண்டும். காப்பி விதையின் முளைப்புத்திறன் சீக்கிரம் குறைந்துவிடும். நன்கு பழுத்த பழத்தின் சதையை நீக்கிக் கழுவி, நிழலில் ஈரம் உலர்த்தி, தாமதிக்காமல் ஊன்றுங்கள். தட்டையான பக்கம் கீழே இருக்கட்டும். ஒரு சென்டிமீட்டர் ஆழம் போதும். முளைக்க ஓரிரு மாதம் ஆகும். அவசரப்பட்டுத் தோண்டிப் பார்க்காதீர்கள்.

கன்றுக்குப் பாதி நிழல் வேண்டும். ஆறேழு மாதம் பையில் வளர்த்துப் பிறகு தண்ணீர் தேங்காத இடத்தில் நடுங்கள். மரத்துக்கு மரம் மூன்று மீட்டர் இடைவெளி விடுங்கள். அடியில் காய்ந்த இலையைப் பரப்பினால் ஈரம் நிற்கும். ஆள் உயரத்துக்கு மேல் போனால் நுனியைக் கிள்ளிவிடுங்கள், பறிக்க எளிது. கீழே விழுந்த பழங்களை விட்டுவைக்காதீர்கள். காப்பிக்காய் துளைக்கும் சிறு வண்டுக்கு அவைதான் வீடு. மூன்று நான்கு ஆண்டில் காய்க்கத் தொடங்கும்.

முக்கியமானது, ஒன்றாக நடாதீர்கள். வேறு வேறு மரத்து விதையில் இரண்டு மூன்று கன்றாவது வையுங்கள். இடம் இல்லையா? ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று பக்கத்து வீட்டில். தேனீக்களுக்கு வேலி கிடையாது.

காப்பியின் பயன் கொட்டையோடு முடிவதில்லை. மேற்குச் சுமத்ராவில் காப்பி இலையை வாட்டிக் கொதிக்க வைத்து 'காவா டாவுன்' என்ற பானமாகக் குடிக்கிறார்கள். உரித்த சதை நல்ல தழையுரம். வடித்த சக்கையை எங்கள் வீட்டு மிளகாய்ச் செடிக்குப் போடுகிறோம்.

இதைப் படிப்பாகவும் தொழிலாகவும் எடுத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1969இல் அமைக்கப்பட்ட மார்டி எனும் வேளாண் ஆராய்ச்சிக் கழகம், எம்.கே.எல். என்ற பெயர் வரிசையில் லைபீரிக்கா ரகங்களைத் தேர்ந்தெடுத்து வெளியிட்டிருக்கிறது. அதன் நிலையம் ஒன்று நம் குளுவாங்கிலேயே இருக்கிறது. உலகிலுள்ள 124 காட்டுக் காப்பி இனங்களில் 60 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருப்பதாக, லண்டனின் கியூ தாவரவியல் பூங்கா அறிஞர்கள் 2019இல் எழுதினார்கள். பூமி சூடேற ஏற அராபிக்காவுக்கு ஏற்ற நிலம் சுருங்கிக்கொண்டு வருகிறது. அதனால் வெப்பத்தைத் தாங்கும் லைபீரிக்கா பக்கம் அறிஞர்களின் கவனம் மீண்டும் திரும்பியிருக்கிறது. உலகம் இப்போது தேடத் தொடங்கியிருக்கும் செடி, நம் லயத்துப் பின்புறங்களில் கேட்பாரற்று நின்றது.

138 பழங்களில் பத்தை விதைக்கென்று தனியே எடுத்துவைத்திருந்தேன். பழத்துக்கு இரண்டாக இருபது விதை. அவற்றில் பதினான்கு முளைத்தன. எங்கள் செடிக்கும் பாக் சிக் மரத்துக்கும் பிறந்த பிள்ளைகள். பாக் சிக்குக்கு இரண்டு கொடுத்தோம். மல்லிகைச் சரம் என்று நினைத்த பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று கேட்டு வாங்கினார். தெருவில் இன்னும் நான்கு வீடுகளுக்குப் பாட்டி தானே நடந்து போய்க் கொடுத்துவந்தார். ஒவ்வொரு பூப்புக்கும் நான் விடுமுறை எடுத்து வர முடியாது அல்லவா?

மீதி ஏழு கன்றும் கூரை ஓரத்தில் நிழலில் நிற்கின்றன. அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அப்பா இப்போதெல்லாம் காலையில் வேலைக்குப் போகிறார் என்று தம்பி சொல்கிறான்.